பூட்டியிருந்ததாக நம்பப்பட்ட மடிக்கணினி: கொழும்பு மொழிபெயர்ப்பு அலுவலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தன் வீட்டின் முன்னறையையே அலுவலகமாக வைத்துத் தொழில் செய்துவருகிறார். உதவிக்கு ஓர் இளம்பெண் இருக்கிறார். வெளிநாட்டு விசாவுக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் குடும்ப இணைவுக்கும் விண்ணப்பிப்போர் தமிழிலும் சிங்களத்திலும் உள்ள ஆவணங்களைக் கொண்டுவருவார்கள். அவர் அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து, முத்திரையிட்டுக் கையொப்பமிட்டுக் கொடுப்பார். பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள், காணி உறுதிகள், விவாகரத்துத் தீர்ப்புகள், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதிகள், சத்தியக்கடதாசிகள் ஆகியன அவரிடம் வழமையாக வருபவை. தம் வாழ்வில் நேர்ந்ததைப் பக்கம் பக்கமாக எழுதிக் கொண்டுவருபவர்களும் உண்டு.

இவை எல்லாம் ஸ்கான் செய்யப்பட்டு ஒரே மடிக்கணினியில் இருந்தன. வேலை முடிந்ததும் ஒவ்வொருவரின் கோப்புறையும் ‘முடிந்தவை’ என்ற பெரிய கோப்புறைக்குள் நகர்த்தப்படும். சில வருடங்கள் கழித்து யாராவது வந்து இன்னொரு பிரதி கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கலாம் என்பதே இதற்குக் காரணம். அப்படிக் கேட்டு வருபவர்கள் உண்மையிலேயே இருந்ததால், அந்த ஏற்பாட்டை யாரும் கேள்வி கேட்கவில்லை.

மடிக்கணினியில் விண்டோஸ் 11 இன் புரோ பதிப்பு இருந்தது. வாங்கிய நாளிலேயே மைக்ரோசொப்ட் கணக்கால் நுழைந்ததால், சேமிப்புத் தட்டில் (டிஸ்க்) உள்ளதைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் அதன் பிட்லொக்கர் குறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்கி, 48 இலக்க மீட்புச் சாவியும் அந்தக் கணக்கில் பதிவாகியிருந்தது. இது மொழிபெயர்ப்பாளருக்கு மேலோட்டமாகத் தெரியும். “டிஸ்க் லொக் பண்ணியிருக்கு” என்று கடையில் சொன்னதை அவர் நினைவில் வைத்திருந்தார். அலுவலகத்தின் கணினி வேலைகளுக்கு அவ்வப்போது அழைக்கப்படுபவன் என்ற முறையில் இந்தப் பதிவை நான் எழுதுகிறேன். ஆட்களை இனங்காட்டக்கூடிய விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

களவு போன மாலை

மொழிபெயர்ப்பாளர் அன்று புதுக்கடை நீதிமன்றத் தொகுதியில் ஒரு சட்டத்தரணியைச் சந்தித்துவிட்டுத் திரும்பி, வீட்டுக்குப் போகுமுன் காலி வீதியில் ஒரு சைவ உணவகத்தில் தேநீர் குடிக்க அமர்ந்தார். பையை அருகில் இருந்த கதிரையில் வைத்திருந்தார். தொலைபேசியில் வந்த அழைப்பை எடுத்துப் பேசிக்கொண்டே கைகழுவ எழுந்துசென்று திரும்பியபோது பை அங்கில்லை. உணவகத்தின் சிசிடிவி பதிவில், தொப்பி அணிந்த ஒருவர் தன் பையை எடுத்துச் செல்பவரைப்போல அவசரமின்றி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறுவது தெரிந்தது. முகம் தெளிவில்லை.

பையில் மடிக்கணினியும் சார்ஜரும் ஒரு பென் டிரைவும் இரண்டு வாடிக்கையாளர்களின் மூலப் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்தன. மடிக்கணினி அணைக்கப்பட்டிருக்கவில்லை, மூடியை மடித்ததும் அது உறக்க நிலைக்குப் போகும்படி அமைந்திருந்தது. பென் டிரைவைப் பற்றி அவர் அப்போது சொல்லவில்லை. தொலைந்தது கணினி என்பதே மனதை நிறைத்திருந்தது.

முதல் சில மணி நேரம்

அவர் என்னை அழைத்தபோது கைத்தொலைபேசி அவரிடமே இருந்தது நல்வாய்ப்பு. கணக்குகளுக்கான இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எல்லாம் அந்த எண்ணுக்கே வரும்.

முதலில் மின்னஞ்சலைப் பாதுகாப்பது என்று முடிவெடுத்தோம். வங்கியைவிட மின்னஞ்சலுக்கு ஏன் முன்னுரிமை என்று அவர் கேட்டார். ஏனைய பெரும்பாலான கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு மின்னஞ்சலுக்கே வருவதால், அதைக் கையில் வைத்திருப்பவர் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் திறக்க முடியும். உதவியாளரின் கணினியிலிருந்து கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, சாதனங்களின் பட்டியலில் களவுபோன கணினியை வெளியேற்றினோம். இதனால் மேகச் சேமிப்பில் இருந்த கோப்புகளுடனான அதன் ஒத்திசைவும் நின்றது. களவுபோன கணினியில் யாராவது கோப்புகளை அழித்தால், அந்த அழிப்பு மேகப் பிரதிக்கும் பரவும் ஆபத்து அத்துடன் நீங்கியது. அடுத்து, கைத்தொலைபேசியின் வட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதிக்குச் சென்று கணினியின் இணைப்பைத் துண்டித்தோம். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் ஆவணங்களை வட்ஸ்அப்பிலேயே அனுப்புவார்கள் என்பதால் இது சிறிய விடயமன்று. அதன் பின்னரே வங்கியின் அவசர இலக்கத்தை அழைத்து இணைய வங்கிச் சேவையை இடைநிறுத்தினோம். உலாவியில் சேமித்துவைத்த கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் கசிந்தவையாகவே கருதி மாற்றினோம். அது நள்ளிரவைத் தாண்டியும் நீண்டது.

மைக்ரோசொப்ட் கணக்கில் சாதனத்தைத் தேடும் வசதி உண்டு. அது முன்கூட்டியே இயக்கப்பட்டிருக்க வேண்டும், இங்கே இயக்கப்பட்டிருக்கவில்லை. இயக்கப்பட்டிருந்தாலும் அந்த வசதியால் கணினியைத் தொலைவிலிருந்து பூட்ட மட்டுமே முடியும். உள்ளே இருப்பதை அழிப்பதற்கு நிறுவனங்கள் பயன்படுத்தும் முகாமை மென்பொருள் தேவை.

பொலிஸில் முறைப்பாடு செய்யத் தொடரிலக்கம் வேண்டியிருந்தது. கணினி வந்த பெட்டியை எப்போதோ வீசிவிட்டார்கள். நல்லகாலமாக, உத்தரவாத அட்டை பற்றுச்சீட்டுடன் சேர்த்துக் கோக்கப்பட்டிருந்தது. கைத்தொலைபேசிக்கு உள்ளதுபோல, வலையமைப்பில் தேடக்கூடிய ஐஎம்ஈஐ இலக்கம் சாதாரண மடிக்கணினிக்கு இல்லை. எனவே முறைப்பாட்டில் தொடரிலக்கம் எழுதப்படாவிட்டால், பிற்காலத்தில் ஒரு கணினி கிடைத்தாலும் அது இன்னாருடையது என்று நிறுவுவது கடினம். காணாமற்போன மூலச் சான்றிதழ்கள் இரண்டையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிப் பதிவுசெய்யுமாறு அவர் கேட்டுக்கொண்டார். அந்தக் குடும்பங்கள் புதிய பிரதிக்கு விண்ணப்பித்தபோது முறைப்பாட்டின் பிரதி அவர்களுக்குக் கைகொடுத்தது.

குறியாக்கம் இருந்ததா?

மறுநாள் காலை மொழிபெயர்ப்பாளர் ஓரளவு நிம்மதியுடன் இருந்தார். கணினி போனால் போகட்டும், உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. மைக்ரோசொப்ட் கணக்கில் மீட்புச் சாவி இன்னும் இருப்பதையும் அவர் எனக்குக் காட்டினார்.

அந்தப் பக்கத்தில் சாதனத்தின் பெயர், சாவியின் அடையாள இலக்கம், சாவி பதிவேற்றப்பட்ட திகதி ஆகியன வரிசையாக இருக்கும். இந்தக் கணினிக்கு ஒரேயொரு சாவிதான் இருந்தது. அதன் திகதி கணினி வாங்கிய காலத்துக்குரியது. பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. இடையில் கணினி திருத்தக் கொடுக்கப்பட்டதா என்று வழமையான கேள்வியாகவே கேட்டேன். திருத்தம் ஒன்றுமில்லை, இடம் போதாமல் பழைய சேமிப்புத் தட்டுக்குப் பதிலாகப் பெரிய எஸ்எஸ்டி தட்டு ஒன்று போட்டதாக அவர் சொன்னார்.

கேள்வி அங்கேதான் பிறந்தது. பழைய தட்டில் இருப்பதை அப்படியே புதிய தட்டுக்குப் பிரதிசெய்யும்போது, தடை வராமலிருக்கத் திருத்துநர்கள் பலர் முதலில் பிட்லொக்கரை நிறுத்திக் குறியாக்கத்தை நீக்கிவிடுவார்கள். பின்னர் மறுபடியும் இயக்கியிருந்தால் புதிய சாவி ஒன்று உருவாகியிருக்கும்; வழமைபோல அதே கணக்கில் சேமித்திருந்தால், எஸ்எஸ்டி மாற்றிய திகதிக்குப் பிந்திய திகதியுடன் அது பட்டியலில் நின்றிருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. மேலும், பழைய சாவி கணக்கில் கிடப்பது தட்டு இன்று பூட்டப்பட்டிருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. குறியாக்கம் நீக்கப்பட்ட பின்னும் அது அங்கேயே இருக்கும்.

திருத்துநரை அழைத்தபோது அவர் ஒளிக்காமல் பதில் சொன்னார்: “குளோன் பண்ணேக்க பிட்லொக்கர ஓஃப் பண்ணினது அக்கா. திருப்பி ஓன் பண்ணச் சொல்லி நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே.” அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. இடத்தைக் கூட்டித் தரச் சொன்னார்கள், அவர் கூட்டிக் கொடுத்தார்.

விண்டோஸில் நுழையும்போது கேட்கப்படும் கடவுச்சொல்லோ நான்கிலக்கப் பின் இலக்கமோ தட்டில் உள்ள கோப்புகளை மறைப்பதில்லை. குறியாக்கம் இல்லாத எஸ்எஸ்டியைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தால், அல்லது பென் டிரைவில் உள்ள லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தால் அதே கணினியைத் தொடக்கினால், கோப்புறைகள் அப்படியே திறக்கும். எக்செல் தாள்களைப் ‘பாதுகாத்து’ வைத்திருப்பதும் அப்படித்தான். தாளில் எழுதவிடாமல் தடுப்பதைத் தவிர அதனால் வேறு பயனில்லை. கோப்பைத் திறப்பதற்கே கடவுச்சொல் கேட்கும்படி அமைத்தால் மட்டுமே உண்மையான குறியாக்கம் நடக்கிறது. இந்த அலுவலகத்தின் வாடிக்கையாளர் பட்டியல் முதல் வகையில் இருந்தது.

ஆகவே அன்று மதியம் எடுத்த முடிவு: கணினியில் இருந்த எல்லாம் திறந்த நிலையில் போனதாகக் கருதியே மேற்கொண்டு செயற்படுவது. எதிர்மாறாகச் சொல்ல எம்மிடம் சான்று இல்லை. சான்று தரக்கூடிய ஒரே பொருள் களவுபோயிருந்தது.

என்ன போனது என்று கணக்கெடுத்தல்

‘முடிந்தவை’ கோப்புறையில் யார் யாருடைய ஆவணங்கள் இருந்தன என்பதற்குத் தனியான பட்டியல் எதுவும் இல்லை. காபன் பிரதியுடன் கூடிய பற்றுச்சீட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டியும், மேகப் பிரதியில் எஞ்சியிருந்த கோப்புறைப் பெயர்களுடன் ஒப்பிட்டும் உதவியாளர் ஒரு பட்டியலை உருவாக்கினார். அலுத்துப்போகும் வேலைதான், ஆனால் அதனால்தான் ஆபத்தின் உருவம் தெரிந்தது.

பழைய தேசிய அடையாள அட்டை எண்ணில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருக்கும்; புதியதில் 12 இலக்கங்கள். புதிய எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும், பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். அதாவது எண் ஒன்றைக் கொண்டே பிறந்த நாளையும் பாலையும் சொல்லிவிடலாம். பிறப்புச் சான்றிதழில் தாயின் முழுப்பெயரும் பிறந்த இடமும் உண்டு. பழைய படிவங்களில் பாட்டனாரின் விபரமும், பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கேள்விக்கான விடையும் உண்டு. தொலைபேசியில் தொடர்புகொள்ளும் ஒருவர் உண்மையில் கணக்கின் உரிமையாளர்தானா என்று சரிபார்க்க வழமையாகக் கேட்கப்படும் கேள்விகளை நினைத்துப் பாருங்கள்: அடையாள அட்டை எண், பிறந்த திகதி, தாயின் கன்னிப்பெயர். மூன்றும் ஒரே கோப்புறையில் இருந்தன. சிலருடைய கோப்புறையில் கடவுச்சீட்டுப் பிரதியும் ஆறு மாத வங்கிக் கூற்றும் கூடவே இருந்தன.

இன்னொன்றும் வெளிப்பட்டது. வரைவுகளை மின்னஞ்சலில் அனுப்பும் வசதிக்காகத் தன் முத்திரையையும் கையொப்பத்தையும் படமாக்கி அந்தக் கணினியிலேயே அவர் வைத்திருந்தார். அதைப் பெறுபவர் அவர் பெயரால் போலி மொழிபெயர்ப்புகளை உருவாக்க முடியும். கணினியின் விலையைவிட இதுவே அவரைக் கலங்கவைத்தது. சட்டத்தரணியின் ஆலோசனைப்படி முத்திரையின் அமைப்பை மாற்றிப் புதிதாகச் செய்வித்தார். பழைய முத்திரைப் படம் களவுபோனதைப் பொலிஸ் முறைப்பாட்டில் மேலதிகக் கூற்றாகப் பதிவுசெய்தார்.

பென் டிரைவின் பேச்சும் பட்டியல் தயாரிக்கும்போதுதான் எழுந்தது. அச்சிடக் கொடுக்கும் கடைக்குக் கோப்புகளைக் கொண்டுபோக அது பயன்பட்டது. எந்தக் குறியாக்கமும் அதில் இருந்ததில்லை. கணினி முழுமையாகப் பூட்டப்பட்டிருந்தாலும், கடைசிச் சில வாரங்களின் வேலை இந்தச் சிறு பொருளில் திறந்தபடியே போயிருக்கும்.

வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பதா?

இதில் கருத்து வேறுபாடு இருந்தது. ஒன்றும் நடக்காத நிலையில் ஆட்களைப் பயமுறுத்துவானேன், வெள்ளவத்தையில் ஒருவர் வாயில் விழுந்த கதை பின்னேரத்துக்குள் பம்பலப்பிட்டி வரை போய்விடுமே என்று மொழிபெயர்ப்பாளரின் கணவர் சொன்னார். அது வெறும் கௌரவப் பிரச்சினை என்று தள்ளிவிடக்கூடியதன்று. நம்பிக்கையே இத்தொழிலின் முதல். சட்டத்தைப் பொறுத்தவரை, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவு மீறல்களை அறிவிக்கும் கடப்பாட்டைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அதன் பகுதிகள் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வரும்படி அமைக்கப்பட்டவை. கட்டாயம் இருக்கிறதா இல்லையா என்று ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட, அறிவித்தால் வாடிக்கையாளர் தம்மைக் காத்துக்கொள்ள ஏதாவது செய்ய முடியுமா என்று பார்ப்பதே சரி என்று சட்டத்தரணி சொன்னார். செய்ய முடியும் என்பதால் அறிவிப்பது என்று முடிவாயிற்று.

எல்லோருக்கும் ஒரே மாதிரி அறிவிக்கவில்லை. அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கிக் கூற்று மூன்றும் சேர்ந்து இருந்தவர்களையும், தனிப்பட்ட வாக்குமூலங்களை ஒப்படைத்தவர்களையும் மொழிபெயர்ப்பாளரே நேரடியாக அழைத்துப் பேசினார். ஏனையோருக்குச் சுருக்கமான கடிதம் போனது. என்ன ஆவணம் போனது, எப்போது போனது, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி யாராவது ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்டால் கொடுக்கக்கூடாது, கைத்தொலைபேசி திடீரெனச் சேவை இழந்தால் சிம் வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டதா என்று உடனே விசாரிக்க வேண்டும் என்பன அதில் இருந்தன. தகவல் பாதுகாப்பாகவே இருக்கக்கூடும் என்ற ஆறுதல் வரி ஒன்று முதல் வரைவில் இருந்தது. அதற்கு ஆதாரம் இல்லாததால் நீக்கினோம்.

பெரும்பாலானோர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார்கள். வயதான தாய் ஒருவர், மகனுடைய விசா விண்ணப்பம் எப்போதோ முடிந்துவிட்ட நிலையில், “வேலை முடிஞ்ச பிறகும் ஏன் பிள்ளை அதை வச்சிருந்தனீங்கள்?” என்று கேட்டார். அதற்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. பிற்பாடு செய்த மாற்றங்களில் முக்கியமானது இந்தக் கேள்வியிலிருந்தே வந்தது.

பின்னர் நடந்தவை

சில நாட்களுக்குப் பின், மரைன் டிரைவ் பக்கம் புகையிரதப் பாதையோரத்தில் பை கிடந்ததாக ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சான்றிதழுடன் இணைத்திருந்த துண்டில் ஒரு வாடிக்கையாளரின் இலக்கம் இருந்தது. அவர் மூலமாகச் செய்தி வந்தது. மழையில் நனைந்த சான்றிதழ்கள் இரண்டும் பென் டிரைவும் உள்ளே இருந்தன. கணினியும் சார்ஜரும் இல்லை. கள்வருக்கு விற்கக்கூடிய பொருள்தான் தேவைப்பட்டது என்று இதிலிருந்து ஊகிக்கலாம். எனினும் பென் டிரைவைத் திரும்பப் பெற்றதால் அதிலிருந்தவை பிரதிசெய்யப்படவில்லை என்று ஆகாது. எனவே ஏற்கெனவே அனுப்பிய அறிவிப்பை மீளப்பெறவில்லை.

கணினி இதுவரை கிடைக்கவில்லை. தகவல்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டதாக எந்த வாடிக்கையாளரும் இந்தப் பதிவை எழுதும்வரை தெரிவிக்கவில்லை.

மாற்றப்பட்டவை

புதிய மடிக்கணினியில் பிட்லொக்கர் இயக்கப்பட்டபோது, பயன்பாட்டில் உள்ள இடத்தை மட்டும் குறியாக்குவதா முழுத் தட்டையுமா என்ற தெரிவில் முழுத் தட்டையும் தேர்ந்தோம். புத்தம்புதிய தட்டுக்கு முதலாவது தெரிவே போதும். ஆனால் ஏற்கெனவே பயன்படுத்திய தட்டில், அழித்த கோப்புகளின் எச்சங்கள் ‘காலியான’ இடத்தில் இருந்துவிடக்கூடும். சில நாட்கள் கோப்புகளை ஏற்றி இறக்கிய பின்னரே குறியாக்கத்தைச் செய்ததால் அந்தக் கவனம் தேவைப்பட்டது. விண்டோஸ் தொடங்குமுன்னரே ஒரு பின் இலக்கத்தைக் கேட்கும்படியும், மூடியை மடித்தால் உறக்கத்துக்குப் பதிலாக, நினைவகத்தில் உள்ளதைத் தட்டில் எழுதிவிட்டு அணைந்துவிடும் ஆழுறக்க நிலைக்குப் போகும்படியும் அமைத்தோம். உறக்கத்தில் உள்ள கணினியின் நினைவகத்தில் குறியாக்கச் சாவி தங்கியிருக்கும்; நினைவகத்தைக் குளிர்வித்து அத்தகைய சாவிகளை மீட்கலாம் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008 இல் செய்து காட்டினார்கள். உணவகத்தில் பை தூக்குபவர் அவ்வளவு தூரம் போகமாட்டார் என்பது உண்மையே. ஆயினும் இந்த அலுவலகத்தின் சில ஆவணங்களைக் குறிப்பாகத் தேடிவரக்கூடியவர்கள் இருக்கலாம் என்பதால் இதை மிகை என்று நான் கருதவில்லை. ஒவ்வொரு காலையும் இரண்டு முறை இலக்கம் அடிப்பது மொழிபெயர்ப்பாளருக்கு இன்றும் எரிச்சல்தான்.

விண்டோஸின் ஹோம் பதிப்பை வைத்திருப்போருக்கு இந்த அமைப்புகள் எல்லாம் கிடைக்காது. தகுந்த வன்பொருள் இருந்தால் ‘சாதனக் குறியாக்கம்’ என்ற எளிய வடிவம் கிடைக்கும். அதுவும் அமைப்புகள் பக்கத்தில் உண்மையிலேயே இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

மீட்புச் சாவியின் அச்சுப் பிரதிகளில் ஒன்று வங்கிப் பெட்டகத்திலும் மற்றது சகோதரியின் வீட்டிலும் உள்ளன. சாவி தொலைந்தால் உரிமையாளருக்கும் தட்டு திறக்காது என்பதால், முழு ஆவணங்களின் பிரதி ஒன்று குறியாக்கம் செய்த வெளித் தட்டில் அலுவலக அலுமாரியில் பூட்டப்பட்டிருக்கிறது. அது பைக்குள் போவதில்லை.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் பெரிய மென்பொருள் இற்றைப்படுத்தலுக்கும் பின், நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில் பிட்லொக்கரின் நிலையைப் பார்த்து, திரையைப் படமெடுத்துத் திகதியுடன் உதவியாளர் மின்னஞ்சலில் சேமிக்கிறார். அங்கே இரண்டு வரிகளைப் பார்க்க வேண்டும்: தட்டு எத்தனை வீதம் குறியாக்கப்பட்டிருக்கிறது என்பது ஒன்று, பாதுகாப்பு இயங்குகிறதா என்பது மற்றொன்று. தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்ட பிட்லொக்கரில் முதல் வரி 100 வீதம் என்றே காட்டும். ஆனால் சாவி தட்டிலேயே திறந்து கிடக்கும். இந்தப் படங்கள் இருந்திருந்தால், களவுபோன மறுநாள் நாங்கள் ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

எஸ்எஸ்டி மாற்றியபோது திருத்துநர் திருப்பித் தந்த பழைய தட்டு மேசை லாச்சியில் கிடந்தது. குறியாக்கம் நீக்கப்பட்ட பின் பிரதிசெய்யப்பட்டதால் அதிலும் எல்லாம் திறந்தபடியே இருந்தன. தயாரிப்பாளரின் மென்பொருளால் முழுமையாக அழித்து, பின் உடைத்தோம். அச்சுக்கடைக்குப் பென் டிரைவில் கொண்டுபோகும் வழக்கத்தை நிறுத்த அலுவலகத்துக்கென்றே ஓர் அச்சுப்பொறி வாங்கப்பட்டது. முத்திரைப் படம் எந்தக் கணினியிலும் இப்போது இல்லை.

‘முடிந்தவை’ கோப்புறை மூடப்பட்டது. வேலையைக் கையளித்து மூன்று மாதத்தில் ஸ்கான் பிரதிகள் அழிக்கப்படும் என்று பற்றுச்சீட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கு மேலும் வைத்திருக்கச் சொல்பவர்களிடம் கையொப்பம் பெறப்படுகிறது. இரண்டாவது பிரதிக்காகத் திரும்பி வந்த ஒருவர், முன்பு உடனே எடுத்துக் கொடுத்தீர்களே என்று குறைப்பட்டார். மூல ஆவணத்தை மறுபடியும் ஸ்கான் செய்து மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். அதற்குப் பாதிக் கட்டணமே அறவிடுகிறார்கள்.